அறுவடை விலைக்குத் தள்ளிவிடாமல் கூட்டாக விற்பது எப்படி?

உழவர் கைவிட்டால் ஊருக்குச் சோறில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அறுவடை வாரத்தில் விலையைச் சொல்வது வாங்குகிறவர்தான். உணவு ஆண்டு முழுக்கத் தேவைப்படுகிறது, விளைச்சலோ சில வாரங்களில் மொத்தமாகக் களத்துக்கு வந்துவிடுகிறது. கடன் தவணையும் அறுவடைக் கூலியும் அதே வாரங்களில்தான் வாசலில் வந்து நிற்கும். வாங்குகிறவரால் பத்து நாள் பொறுக்க முடியும், விற்கிறவரால் முடியாது. அந்தப் பத்து நாளை உழவர் பக்கம் கொண்டுவர வேண்டும். அதற்கு ஆட்கள், காய்ந்த சரக்கு, கையில் கொஞ்சம் பணம் ஆகிய மூன்றும் வேண்டும்.

முதலில் வாங்குகிறவரின் தேவையை அளந்து பாருங்கள். ஓர் ஆலை நாளொன்றுக்கு 50 டன் அரைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 டன் வைத்திருக்கும் ஒருவர் அந்த ஆலைக்குக் கால் நாள் வேலை மட்டுமே. அவர் வராவிட்டாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். 40 பேர் சேர்ந்தால் 480 டன், கிட்டத்தட்ட பத்து நாள் அரைவை. அதை ஒதுக்கிவிட முடியாது. வேறு வட்டாரத்திலிருந்து சரக்கு எடுத்தால் ஆலைக்கு லாரி வாடகை எவ்வளவு கூடும் என்பதையும் கணக்கிடுங்கள். உங்கள் பேரத்தின் உச்சி அதுதான். அதற்கு மேல் கேட்டால் வெளிச்சரக்கு வந்து இறங்கிவிடும்.

1946-இல் குஜராத்தின் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் 15 நாள் பால் ஊற்றாமல் நின்று வென்றதற்கு இந்தக் கணக்கே காரணம். பம்பாய்க்குப் போக வேண்டிய பால் அந்த வட்டாரத்திலிருந்துதான் எடுக்கப்பட்டு வந்தது. அவர்களுடைய கூட்டுறவு ஒன்றியம் அதே ஆண்டு டிசம்பரில் பதிவானது. ஆனால் பாலையும் காய்கறியையும் வைத்துக்கொண்டு எல்லோரும் அப்படி நின்றுவிட முடியாது. கறந்த பாலை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் 4 டிகிரி செல்சியஸுக்குக் குளிர வைக்க வேண்டும், அல்லது வெண்ணெயாகவோ பவுடராகவோ மாற்ற வழி இருக்க வேண்டும். அது இல்லாமல் நிறுத்தினால் முதலில் நஷ்டப்படுவது நீங்கள்தான். கெடாத தானியத்தில் தொடங்குவதே நல்லது.

தானியத்தில் பேரத்தைத் தோற்கடிப்பது பெரும்பாலும் ஈரம்தான். நெல், கோதுமை, மக்காச்சோளத்தைச் சில மாதங்கள் வைக்க ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சில மாதங்களைத் தாண்டி வைக்க 12–13 சதவீதமாக இருக்க வேண்டும். எண்ணெய் வித்துக்கள் இன்னும் காய வேண்டும், உரித்த நிலக்கடலைக்கு 7–8. ஈரம் அளக்கும் மீட்டர் இல்லாத களத்தில் உப்புச் சோதனை கைகொடுக்கும். முக்கால் லிட்டர் கண்ணாடிப் பாட்டிலை நன்றாக உலர்த்துங்கள். மூன்றில் ஒரு பங்கு தானியம், அதன் மேல் இரண்டு மூன்று மேசைக்கரண்டி காய்ந்த உப்பு போட்டு, மூடி, ஒரு நிமிடம் பலமாகக் குலுக்கி, 15 நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15-ஐத் தாண்டியிருக்கிறது, மறுபடி காய வேண்டும். ஒட்டவில்லை என்பதற்காக மட்டும் மூட்டை கட்டிவிடாதீர்கள். 13-க்கு வந்துவிட்டதா என்பதை மீட்டர்தான் சொல்லும். வெயிலில் சுட்ட தானியத்தை மீட்டர் தவறாகக் காட்டும் என்பதால் ஆறவிட்டு அளந்து பாருங்கள்.

காய்ந்தால் எடை குறையும். 18 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ, 14-க்கு வரும்போது சுமார் 953 கிலோ ஆகும். ஆக, கிலோவுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தால்தான் ஈரமாக விற்ற காசே தேறும். காய வைத்த கூலி தனி. இதை முன்பே சொல்லாத சங்கங்களில் எடைபோடும் நாளன்று சண்டை வரும்.

மூட்டைகளைத் தரையில் அடுக்கக் கூடாது. கட்டை போட்டு 10–15 சென்டிமீட்டர் உயர்த்தி, சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி அடுக்குங்கள். பழைய தானியத்தின் மிச்சத்தை இடுக்கு விடாமல் கூட்டுங்கள், வண்டு அங்கிருந்துதான் வரும். காற்றுப் புகாத பைகளில் வண்டுகளே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துச் சாகும். எலி ஓட்டை போட்டாலோ, பார்க்கலாமே என்று அடிக்கடி பையைத் திறந்தாலோ பலன் இல்லை. ஈரத் தானியத்தை அதில் போடவே கூடாது. மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஏறிவிட்டால் பிறகு எவ்வளவு காய வைத்தாலும் போகாது. அதைச் சாப்பிடப்போவது மனிதர்கள், கலந்து விற்காதீர்கள்.

அடுத்தது பணம். கூட்டு உடைவது பெரும்பாலும் துரோகத்தால் அல்ல, அவசரத்தால். வியாபாரி ஓர் உறுப்பினரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார். தவணை நெருக்கும் வீட்டில் அதை மறுக்க முடியாது. அதனால் சரக்கு கிடங்குக்கு வந்த அன்றே மதிப்பில் 60–70 சதவீதம் முன்பணமாகக் கொடுக்க வேண்டும். சரக்கை ஒப்படைத்ததற்குக் கிடங்கு தரும் ரசீதின் மேல் கடன் கிடைக்கும் இடத்தில் அதை வைத்தே திரட்டலாம். அதற்கு வழியில்லையென்றால் முதல் பருவத்தில் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கூட்டுக்குக் கேளுங்கள். யார் எத்தனை மூட்டை, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் வாங்குங்கள். பதிவு செய்த சங்கமாக இருப்பது நல்லது. தனித்தனி விற்பனையாளர்கள் பேசி விலையை ஒன்றாக்குவதைப் பல நாடுகளின் போட்டிச் சட்டங்கள் தடுக்கின்றன, உழவர் கூட்டுறவுகளுக்கு விலக்கு தருகின்றன. அமெரிக்காவில் 1922 முதல் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. சேராதவரின் வண்டியை மறிப்பது எந்த விலக்கிலும் அடங்காது, ஊரின் நம்பிக்கையும் போய்விடும்.

எத்தனை நாள் நிற்பது? வட்டி மாதம் 1 சதவீதம், சேதாரம் அரை, கிடங்குச் செலவு அரை என்றால் நான்கு மாதத்தில் 8 சதவீதம் போய்விடும். விலை அதைவிட ஏறும் என்று நம்பக் காரணம் இல்லையென்றால் விற்றுவிடுங்கள். இறங்கக்கூடாத அடிவிலையைக் கூட்டத்தில் முன்பே முடிவு செய்து, பேச இரண்டு பேரை அனுப்புங்கள். வாங்குகிறவரிடம் கடன்பட்டவரை அனுப்பவே கூடாது.

ஒப்பந்தத்தில் அளவு, ஈரத்துக்கும் தூசிக்கும் கழிவு, எடை போடும் இடம், பணம் வரும் நாள் எல்லாம் இருக்க வேண்டும். ஏற்றும்போது மூட்டைகளில் குத்தூசி போட்டு மாதிரி எடுத்துக் கலந்து, மூன்று பொட்டலமாக முத்திரை வைத்து இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு, தகராறு வந்தால் பரிசோதனைக்கு ஒன்று. நிறை வண்டியையும் வெறும் வண்டியையும் ஒரே எடைமேடையில் எடை போடுங்கள். பணம் வந்ததும் பெயர்வாரியான கணக்கை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி, பாக்கியைக் கொடுக்கும் அதே நாளில் அடுத்த பருவத்து மூட்டைக் கணக்குக்கும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.