"எப்படித் தெரியும்?": கட்டியக்காரனை வைத்துத் தகவலையும் கருத்தையும் பிரிக்கும் விளையாட்டு

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர் பக்கம் ஒரு கிராமத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். மூன்றாவது, நாலாவது படிக்கும் பிள்ளைகள், பதினெட்டு பேர். எது தகவல், எது கருத்து என்று சொல்லிக்கொடுக்க முதல் தடவை போர்டில் இரண்டு கட்டம் போட்டு 'உண்மை', 'கருத்து' என்று தலைப்பு எழுதினேன். அங்கேயே சொதப்பிவிட்டேன். "பிரியாணி ருசியா இருக்கும்" என்ற வாக்கியம் எந்தக் கட்டம் என்று கேட்டதும் மொத்த வகுப்பும் 'உண்மை' என்று கத்தியது. இல்லை என்றேன். "அப்போ நாங்க பொய் சொல்றோமா மிஸ்?" என்று ஒருத்தி முறைத்தாள். அவள் கேட்டது நியாயம்தான். நம் பேச்சில் உண்மைக்கு எதிர்ப்பதம் பொய். கருத்து எங்கிருந்து வந்தது?

அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் 'உண்மை' என்ற சொல்லை முதல் மாதம் எடுக்கவே வேண்டாம். "சோதிச்சுப் பாக்கலாம்", "எனக்குத் தோணுது" இரண்டும் போதும். புத்தகச் சொல் அப்புறம் தானாக வரும்.

தேவையானவை: பழைய புடவை ஒன்று, சாக்பீஸ், செய்தித்தாளில் மடித்த ஒரு கூம்புத் தொப்பி. நேரம் நாற்பது நிமிடம்.

படி 1: கையும் நெஞ்சும்

எல்லோரும் நிற்கட்டும். நீங்கள் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்க முடியும் என்றால் இரண்டு கையையும் விரித்து அளப்பதுபோல் காட்ட வேண்டும். தோன்றுவது என்றால் நெஞ்சில் கை. "மே மாசம் வேலூர்ல வெயில் 40 டிகிரியைத் தாண்டும்": கை விரியும். "வேலூர் வெயில் மாதிரி கொடுமை எங்கயும் இல்ல": நெஞ்சில் கை. ஐந்து நிமிடம் போதும், நீட்டினால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் கை தூக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

படி 2: திரையும் கட்டியக்காரனும்

விளையாட்டின் உயிர் இங்கேதான். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெருக்கூத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திருவிழாவில் பாதித் தூக்கத்தில் பார்த்திருப்பார்கள். இரண்டு பேர் திரை பிடிக்க, வேஷக்காரர் அதன் பின்னால் வந்து நிற்பார். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் "யாரு நீங்க, எந்த ஊரு?" என்று ராஜாவையே மடக்கிக் கேட்பான். கேள்வி கேட்க அவனுக்கு மட்டும் பயமே கிடையாது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

இரண்டு பிள்ளைகள் புடவையைப் பிடிக்கட்டும். ஒரு பிள்ளை அதன் பின்னால் நின்று, ஊரில் உள்ள ஏதாவது ஒன்றாக மாறட்டும்: கோட்டை அகழி, பாலாறு, பஸ், கத்திரிக்காய். தொப்பி போட்டவர் கட்டியக்காரன். திரை விலகியதும் வேஷம் தன்னைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கட்டியக்காரன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "எப்படித் தெரியும்?"

போன வாரம் நடந்தது இது. எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் பையன் விரல்களைத் தலைக்கு மேல் முள்ளாக வைத்துக்கொண்டு வந்தான்.

"நான் இலவம்பாடி கத்திரிக்கா. என் காம்புல முள்ளு இருக்குது."

"எப்படித் தெரியும்?"

"தொட்டுப் பாரு, குத்தும்."

"சரி. அப்புறம்?"

"என்னை மாதிரி ருசி எந்தக் கத்திரிக்காய்க்கும் இல்ல."

"எப்படித் தெரியும்?"

பையன் திணறினான். பிறகு நெஞ்சில் கை வைத்து, "எனக்குத் தோணுது" என்றான். சிரிப்பு. இங்கே அவசரப்பட்டுப் பாராட்டி முடித்துவிடாதீர்கள். தோன்றுகிறது என்று வந்துவிட்டால் கட்டியக்காரன் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: "ஏன் அப்படித் தோணுது?" பையன், "பிஞ்சா இருந்தா வாயில கரைஞ்சுடும்" என்றான். இந்தக் கேள்வியை விட்டுவிட்டால் கருத்து சொல்வதே தப்பு என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வாயை மூடிவிடுவார்கள். எனக்கு அது நடந்திருக்கிறது.

இரண்டும் கலந்த வாக்கியமும் வரும். "2023ல் புவிசார் குறியீடு வாங்கின அருமையான கத்திரிக்கா" என்றால் என்ன செய்வது? தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். 'புவிசார் குறியீடு' வரை ஒரு பக்கம் ஒரு கால், 'அருமையான' என்றதும் அந்தப் பக்கம் மறு கால். வாக்கியம் காலை அகட்டி நிற்பதைப் பார்த்தபின் பிள்ளைகள் மறப்பதில்லை.

படி 3: "எல்லாரும் சொல்றாங்களே!"

இது கட்டாயம் வரும், தயாராக இருங்கள். பிரியாணிதான் பெஸ்ட் என்று பதினெட்டில் பதினாறு பேர் கை தூக்கினார்கள். "அப்போ சோதிச்சாச்சு மிஸ்!" சரி, என்ன சோதித்தோம் என்று கட்டியக்காரனைக் கேட்கவிட்டேன். எண்ணிப் பார்த்தது கைகளை. 'இந்த வகுப்பில் பதினாறு பேருக்குப் பிரியாணி பிடிக்கும்' என்பது தகவல், கோட்டுக்கு இந்தப் பக்கம். 'பிரியாணிதான் பெஸ்ட்' அந்தப் பக்கமே நிற்கும். மீதி இரண்டு பேரில் ஒருத்தி மெதுவாக, "எனக்கு ஆற்காடு மக்கன் பேடா" என்றாள். அதற்கும் ஏன் என்று கேட்டோம்.

படி 4: தப்பான தகவல்

பெரியவர்களே தடுமாறும் இடம் இது. சோதித்துப் பார்த்துத் தப்பு என்று தெரிந்தால், அது கருத்தாகிவிடாது. தப்பான தகவல், அவ்வளவுதான்.

இதற்கு நம் ஊர் பழைய கேலிப் பேச்சே கைவசம் இருக்கிறது: "சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு." ஒரு பிள்ளை கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலாக வந்து, "எனக்குள்ள சாமி இல்ல" என்று சொல்லட்டும். எப்படித் தெரியும்? உள்ளே போய்ப் பார்க்கலாம். போனால் சாமி இருக்கிறார். 1981க்கு முன்னால் போயிருந்தால் கருவறை காலி. அந்த வருடம்தான் லிங்கத்தை மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு காலத்தில் சரியாக இருந்த தகவல் இன்று தப்பு. ஆனால் இரண்டு காலத்திலும் அது கை விரிக்கிற வாக்கியம்தான்.

அடுத்து பாலாறு. எங்கள் பாலாறு நீலத் துண்டு போர்த்திக்கொண்டு வந்தாள். "நான் நந்தி மலையில பொறந்தேன். கர்நாடகா, ஆந்திரா தாண்டி இங்க வரேன். என்கிட்ட தண்ணியே இல்ல."

கட்டியக்காரன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "எப்படித் தெரியும்?"

"பாலத்துல போவும்போது பாத்தேன். வெறும் மணல்."

"என்னிக்கிப் பாத்த?"

இந்தக் கேள்வி நான் சொல்லிக்கொடுத்ததில்லை. 2021 நவம்பர் வெள்ளத்தைப் பற்றி அவன் தாத்தா சொல்லியிருக்கிறார். அதை அவன் ஆற்றிடமே சொல்ல ஆரம்பித்தான். திரை பிடித்திருந்த இருவரும் புடவையைக் கீழே போட்டுவிட்டு, தங்கள் வீட்டில் கேட்ட கதைகளோடு நடுவில் வந்துவிட்டார்கள்.