விதைப்பையில் கட்டி தட்டுப்பட்டால்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த ஆண்களுக்கு

ஊரில் என்றால் நேரே ஸ்கேன் சென்டருக்குப் போய்க் காசு கட்டி, மாலைக்குள் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அப்புறம்தான் டாக்டரைத் தேடுவோம். இங்கே தலைகீழ். ஜி.பி., அதாவது நாம் பதிவு செய்துகொள்ளும் குடும்ப டாக்டர், பார்த்து எழுதி அனுப்பினால்தான் என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவச் சேவையில் ஸ்கேன். வந்த வாரமே ஜி.பி.யிடம் பதிவு செய்துவிடுங்கள், காசில்லை. முகவரிச் சான்று இல்லை என்று மறுக்கவும் கூடாது. விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் கட்டியவர்களுக்கு மருத்துவமனைச் செலவும் இல்லை.

மாட்டிக்கொள்கிற இடம் ரிசப்ஷன். நண்பர் ஒருவர், போனை எடுத்தது பெண் என்றதும் நாக்கு எழாமல் "பெர்சனல் ப்ராப்ளம்" என்று முடித்துக்கொண்டார். மூன்று வாரம் தள்ளி ஒரு சாதாரண அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. அந்த அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. நீங்கள் சொல்லும் ஒரு வரியை வைத்துத்தான் அவசரமா இல்லையா என்று அங்கே பிரிக்கிறார்கள். "ஸ்டமக் பெயின்" என்று மழுப்பினால் வயிற்றுவலி வரிசையில்தான் நிற்பீர்கள். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "ஐ ஹேவ் ஃபவுண்ட் எ லம்ப் இன் மை டெஸ்டிகிள்." கூடவே எத்தனை நாளாக, எந்தப் பக்கம், வலி உண்டா, பெரிதாகிறதா. ஆன்லைன் படிவத்திலும் இதையே எழுதுங்கள். ஆண் டாக்டர் வேண்டும் என்றோ, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றோ அப்போதே கேளுங்கள். மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் இல்லை. மச்சானைக் கூட்டிப்போய் இதைப் பேசவைக்கும் கொடுமை வேண்டாம்.

ஒன்றுக்கு மட்டும் ஜி.பி.க்காகக் காத்திருக்காதீர்கள். திடீரென்று ஒரு பக்கம் தாங்கமுடியாத வலி, குமட்டல், விதை மேலே ஏறிக்கொண்டது போலிருந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரம் தாண்டத் தாண்ட விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு குறையும். நேரே ஏ அண்ட் ஈ, அதாவது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. முடியாவிட்டால் 999க்குப் போன் செய்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

மற்றபடி, வெந்நீரில் குளித்த பிறகு பை தளர்ந்திருக்கும்போது கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே ஒவ்வொரு விதையாக மெதுவாக உருட்டிப் பாருங்கள். பின்பக்கம் மெத்தென்று கயிறு போல ஒன்று ஓடும். அது எபிடிடிமிஸ், எல்லோருக்கும் உண்டு. அதைக் கட்டியென்று நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் ஏராளம். ஒரு விதை கொஞ்சம் தாழ்ந்து தொங்குவதும் இயல்பே.

முக்கியக் கேள்வி, கட்டி விதையோடு ஒட்டியதா, தனியா என்பது. விதைக்கு மேலே அல்லது பின்னால், பட்டாணி போல வழவழப்பாகத் தனியே நகர்ந்தால் பெரும்பாலும் எபிடிடிமிஸ் நீர்க்கட்டி. தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுவார்கள். விதையே கைக்குத் தட்டுப்படாமல் பை முழுக்க நீர் கோத்திருந்தால் ஓதம், அதாவது ஹைட்ரோசீல். மண்புழுக்களைப் பையில் கட்டியது போல, பெரும்பாலும் இடப்பக்கம், நின்றால் புடைத்துப் படுத்தால் வடிந்தால் வெரிகோசீல், அதாவது புடைத்த ரத்தக்குழாய்கள். படுத்தும் வடியவில்லை, அல்லது வலப்பக்கம் மட்டும் வந்தது என்றால் வயிற்றையும் ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். சிறுநீரகப் பக்கம் ஏதாவது ரத்தக்குழாயை அழுத்துகிறதா என்று பார்ப்பதற்காக. வீக்கத்தின் மேல்விளிம்பு விரலுக்குச் சிக்காமல் தொடை இடுக்குவரை ஏறி, இருமினால் முட்டினால் குடலிறக்கம்.

விதையின் உடம்பிலேயே கல் போலக் கெட்டியாக, வலியே இல்லாமல் இருப்பதுதான் கவலைக்குரியது. வலியில்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதை ஜி.பி. அவசரப் புற்றுநோய்ப் பரிந்துரையில் அனுப்புவார். 28 நாளுக்குள் ஆம், இல்லை சொல்லிவிடுவது என்.எச்.எஸ். இலக்கு. இளம் வயதிலேயே வருகிற நோய்தான், ஆனால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். போன் டார்ச்சைப் பையின் பின்னால் பிடித்துச் சிவப்பாக ஒளிர்ந்தால் நீர்தான் என்று முடிவு கட்டாதீர்கள். விதைக் கட்டியைச் சுற்றியும் நீர் கோக்கும். லீவில் ஊருக்குப் போகும்போது ஊசிபோட்டு நீரை உறிஞ்சிவிடலாம் என்று யாராவது சொன்னால், ஸ்கேன் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே புற்றுநோய் இருந்தால் பைத்தோல் வழியே ஊசி நுழைவது அதைப் பரப்பிவிடலாம்.

நம்மவர்கள் வாய்விட்டுச் சொல்லவேண்டிய இரண்டு விஷயம், இங்குள்ள இளம் டாக்டருக்குத் தானாகத் தோன்றாமல் போகலாம். ஒன்று யானைக்கால். கொசு பரப்பும் ஒரு புழுவால் வருவது அது; அதே புழுவால் ஓதமும் வரும். புழுக்குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் மிதக்கும் என்பதால் பரிசோதனைக்கு இரவில் ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று டி.பி.; எபிடிடிமிஸ் முண்டும் முடிச்சுமாக இறுகும். வீட்டில் யாருக்காவது டி.பி. வந்திருந்தாலும், சின்ன வயதில் விதை இறங்காமல் ஆபரேஷன் செய்திருந்தாலும் மறைக்காதீர்கள்.

ஸ்கேனுக்கு வயிறு காயவும் வேண்டாம், மூக்குமுட்டத் தண்ணீர் குடிக்கவும் வேண்டாம். ஜெல் தடவிக் கால் மணி நேரம்தான். அந்தத் தேதியைச் சொல்ல மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பில் பல சமயம் நம்பரே தெரியாது. மோசடிக்காரன் என்று கட் செய்யாதீர்கள். அறை மாறினாலோ சிம் மாற்றினாலோ அன்றைக்கே ஜி.பி.யிடமும், பரிந்துரை போயிருந்தால் மருத்துவமனையிடமும் சொல்லுங்கள். கடிதம் பழைய வீட்டு வாசலில் கிடக்க, நீங்கள் போகாவிட்டால், வரவில்லை என்று எழுதி ஜி.பி.க்கே திருப்பி அனுப்பிவிடலாம். மறுபடி அந்த ரிசப்ஷனில்தான் தொடங்க வேண்டும்.