விறகு அடுப்பு: அடைப்பு குழாயில் இல்லை, மூடியில்
ஒருவழியாகச் சரியாகிவிட்டது. கனடா குளிரில், விறகு அடுப்பின் கதவைத் திறந்தாலே புகை அறைக்குள் வந்தது. கதவு விளிம்பின் இடுக்கை அடைக்கும் கயிற்று கேஸ்கெட்டை மாற்றினேன், பயனில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தும் அதே புகை. 6 அங்குலப் புகைக்குழாயைக் கீழிருந்து பிரஷ் விட்டுத் தேய்த்தால் கரி கொஞ்சம்தான் விழுந்தது.

அடைப்பு குழாயின் உச்சியில். மழைமூடியைச் சுற்றியுள்ள கம்பிவலைக் கண்கள் முழுக்கத் தார் மாதிரி க்ரியோசோட், அதாவது விறகுப் புகை ஆறிப் படியும் பிசுக்கு. வெளிக்குளிரில் நிற்கும் வலையில் புகை சட்டென ஆறிப் படிந்துவிடும். கீழிருந்து போகும் பிரஷ் அங்கே எட்டாது. அடுப்பு நன்றாக ஆறியபின் மூடியைக் கழற்றிக் கம்பி பிரஷால் சுரண்டியதும் இழுவை (குழாய் புகையை மேலே இழுப்பது) திரும்பியது.

மூலகாரணம் ஈர விறகு. ஈரமானியைக் கட்டையின் வெளிப்புறத்தில் குத்தினால் ஏமாற்றும். பிளந்து, புதிய முகத்தில் குத்துங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். குழாய்க்குள் படிவு 3 மில்லிமீட்டரைத் தொட்டால், சுத்தம் செய்யாமல் எரிக்கவே கூடாது. படிவே தீப்பிடிக்கும்.