விட்ச்சர் சிறுகதைகள்: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விட்ச்சர், அதாவது கூலிக்கு அரக்கர்களை வேட்டையாடும் கெரால்டின் கதைகளைப் படிக்கலாம் என்று நான் முதலில் வாங்கியது 'பிளட் ஆஃப் எல்வ்ஸ்'. நாவல் வரிசையில் அதுதான் முதலாவது, அப்படியென்றால் அங்கேதானே தொடங்க வேண்டும்? ஐம்பது பக்கம் போனதும் இந்தச் சிறுமி யார், இவளுக்கும் கெரால்டுக்கும் என்ன உறவு, ஏன் ஆளாளுக்கு இவளைத் தேடுகிறார்கள் என்று ஒன்றும் பிடிபடாமல் மூடி வைத்துவிட்டேன். அந்தக் கதையின் வேர் அதற்கு முந்தைய இரண்டு சிறுகதைத் தொகுப்புகளில் இருக்கிறது. முதலில் 'தி லாஸ்ட் விஷ்', அடுத்து 'சோர்ட் ஆஃப் டெஸ்டினி', அப்புறம்தான் நாவல்கள்.

இந்தக் குழப்பத்துக்கு வாசகரை மட்டும் குறை சொல்ல முடியாது. போலந்து எழுத்தாளர் ஆந்த்ஷேய் சப்கோவ்ஸ்கியின் இந்த இரண்டு தொகுப்புகளும் போலிஷில் 1993க்குள் வந்துவிட்டன. ஆங்கிலத்தில் முதல் தொகுப்பு 2007இல் வந்தது, பிறகு நாவல்களுக்குத் தாவிவிட்டார்கள், இரண்டாவது தொகுப்பு 2015இல்தான் வந்தது. நடுவில் ஒரு படி இல்லாமலேயே ஏறியவர்கள் நிறையப் பேர்.

சரி, சரியான புத்தகத்தை எடுத்தாயிற்று. அடுத்து பலரும் செய்வது, 'தி லாஸ்ட் விஷ்' கதைகளுக்கு நடுவே வரும் 'தி வாய்ஸ் ஆஃப் ரீசன்' பகுதிகளைத் தாண்டிப் போவது. கெரால்ட் கோயிலில் படுத்திருக்கிறான், பூசாரியம்மாவிடம் பேசுகிறான், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் மறுபடி மறுபடி முருங்கை மரம் ஏறுவதைத் தள்ளிவிட்டு விடுகதையை மட்டும் படிப்பது மாதிரிதான் இது. முதல் கதையில் ஸ்ட்ரிகா என்ற சாபம் பிடித்த அரக்கி அவன் கழுத்தில் ஏற்படுத்திய காயத்துக்குத்தான் அந்தக் கோயிலில் வைத்தியம் நடக்கிறது. மற்ற கதைகள் பெரும்பாலும் அதற்கு முன்பு நடந்தவை. இது தெரியாமல் வரிசையாகப் படித்தால் காலம் முன்னும் பின்னும் போய்த் தலை சுற்றும்.

பெரிய தவறு என்று நான் நினைப்பது வேறு. அரக்கர்களை வேட்டையாடுகிறவன் கதை என்றதும் பக்கத்துக்குப் பக்கம் வாள் சுழலும் என்று எதிர்பார்ப்பது. முதல் கதையையே பாருங்கள். அரசன் ஃபோல்டெஸ்ட்டுக்குத் தன் தங்கையிடமே பிறந்த மகள் ஸ்ட்ரிகாவாகி ராத்திரியில் ஆட்களைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள். கெரால்ட் வந்தவுடன் வாளை உருவவில்லை. அதிகாரிகளிடம் விசாரிக்கிறான், அரசனிடம் பேசுகிறான், பேரம் நடக்கிறது, கொல்லாமல் சாபத்தை நீக்க வேண்டும் என்ற நிபந்தனை வருகிறது. சண்டைக்குப் பிறகும் அவள் சவப்பெட்டிக்குள் தானே போய்ப் படுத்துக்கொள்கிறான், சேவல் மூன்றாம் முறை கூவும் வரை அவள் அதற்குள் திரும்பக் கூடாது என்பதற்காக! பேச்சுதான் இங்கே முக்கால்வாசி. அதை வேகமாகப் புரட்டினால் யார் அரக்கன் என்ற கேள்வியே கையை விட்டுப் போய்விடும்.

பழைய தேவதைக் கதைகளைக் கண்டுகொள்ளாமல் போவதும் நஷ்டம்தான். 'தி லெஸ்ஸர் ஈவில்' கதையின் ரென்ஃப்ரி யார் என்று யோசியுங்கள்: மாற்றாந்தாய், காட்டில் கொல்ல அனுப்பப்பட்ட ஆள், துணைக்கு ஏழு குள்ளர்கள். ஸ்னோ ஒயிட்டேதான், ஆனால் கையில் கத்தியோடு. 'எ கிரெய்ன் ஆஃப் ட்ரூத்' கதையில் 'அழகியும் அரக்கனும்' ஒளிந்திருக்கிறது. மூலக்கதையைத் தேடிப் படிக்க வேண்டியதில்லை, ஞாபகம் இருந்தால் போதும்.

விட்ச்சர் வீடியோ கேம் விளையாடியவர்களும் 2019 முதல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்தவர்களும் அந்த வரிசையை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். கேம்கள் நாவல்கள் முடிந்த பிறகு நடப்பவை, தொடரின் முதல் சீசன் மூன்று காலங்களைக் கலந்து அடித்தது.

அப்புறம், வரம் தரும் பூதமான ஜின் வரும் 'தி லாஸ்ட் விஷ்' தொகுப்பின் கடைசிக் கதை. கெரால்ட் கேட்ட வரம் என்ன என்று அதில் நேரடியாகச் சொல்லவே மாட்டார்கள். பக்கம் ஏதாவது கிழிந்துவிட்டதோ என்று நான் இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன், கிழியவில்லை.