ஈரோட்டுக்குக் கிழமை பார்த்து வாருங்கள்

கோவைக்கோ கேரளத்துக்கோ போகும் வழியில் ஈரோடு சந்திப்பை எத்தனையோ முறை கடந்தவர்கள்கூட ஊருக்குள் இறங்கிப் பார்த்திருப்பது அரிது. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களில் பலர், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பூட்டிக் கிடந்த கடைவீதியைச் சுற்றிவிட்டுத் திரும்பியவர்களாக இருப்பார்கள். ஈரோடு சந்தைகளால் இயங்கும் ஊர். ஒவ்வொரு சந்தைக்கும் அதற்குரிய கிழமை உண்டு. திங்கள் மாலை வந்து சேர்ந்து வியாழன் முற்பகலில் புறப்படுவது என்று வைத்துக்கொண்டால் ஜவுளி, மஞ்சள், மாடு ஆகிய மூன்று வியாபாரங்களையும் நேரில் காணலாம். இடைப்பட்ட பொழுதுகள் ஆற்றுக்கும் கோயிலுக்கும் போதுமானவை.

தங்குவதற்குப் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் பிரப் ரோட்டை ஒட்டியும் எல்லா வசதிக்கும் ஏற்ற விடுதிகள் உள்ளன. மீனாட்சி சுந்தரனார் சாலை என்று பெயர்ப்பலகை சொன்னாலும், ஆட்டோக்காரரிடம் பிரப் ரோடு என்று சொன்னால்தான் உடனே விளங்கும். திங்கள் இரவு வெளியூர் வியாபாரிகளும் வந்து தங்குவார்கள் என்பதால் அறையை முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்வது நல்லது.

பன்னீர்செல்வம் பூங்காவை அடுத்த கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை நடக்கிறது. கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்து வரும் வியாபாரிகள் லுங்கி, துண்டு, வேட்டி, போர்வை, உள்ளாடை, குழந்தைகள் துணி என்று மூட்டை மூட்டையாகக் கட்டி ஏற்றிச் செல்வார்கள். வேடிக்கை பார்க்க வருபவர் இரவு உணவை முடித்துக்கொண்டு போகலாம். வாங்க வருபவருக்குச் செவ்வாய் காலையே ஏற்றது. மொத்த வியாபாரம் மும்முரமாக நடக்கும் வேளையில் ஒற்றைத் துண்டுக்குப் பேரம் பேசி நிற்பது கடைக்காரருக்கும் சங்கடம், நமக்கும் நேர விரயம். வீட்டுக்குத் தேவையான துண்டு, போர்வைகளை அரை டஜன், ஒரு டஜன் என்று சேர்த்துக் கேட்டால் விலை தானாகவே இறங்கும். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊடும் பாவும் நெருக்கமாக இல்லாத துண்டு, வெள்ளாவி வைத்தது போல் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் சில சலவைகளில் துவண்டுவிடும். 'கடைசி வெலை சொல்லுங்ணா' என்று மரியாதையாகக் கேட்பவருக்கு இந்த ஊரில் பதிலும் மரியாதையாகவே வரும்.

செவ்வாய்க்கிழமை முற்பகலை மஞ்சளுக்கு ஒதுக்க வேண்டும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் வார நாட்களில் ஏலம் நடக்கிறது. இவை சுற்றுலாத் தலங்கள் அல்ல. விவசாயிகள் ஓராண்டு உழைப்பை விலையாக்கும் இடங்கள். ஆகவே அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு, ஓரமாக நின்று பார்ப்பதே முறை. விரல் போல் நீண்ட விரலி ஒரு பக்கமும் உருண்டையான கிழங்கு ஒரு பக்கமுமாக மாதிரி வைத்திருப்பார்கள். வியாபாரி ஒரு விரலியை எடுத்து இரண்டாக முறிப்பார். நன்கு வெந்து காய்ந்த மஞ்சள் மளுக்கென்று முறியும், முறிந்த இடத்தில் நிறம் செம்மஞ்சளாக இருக்கும். பிறகுதான் குவிண்டாலுக்கு என்ன விலை என்று முடிவு செய்வார். வயலில் வெட்டிய கிழங்கை வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றிக் கொண்டுவர வேண்டியிருப்பதால், தை மாதத்தை ஒட்டி அறுவடை தொடங்கினாலும் புது மஞ்சள் வரத்து அதற்குப் பின்னரே கூடும். மாசி, பங்குனியில் வருபவர்களுக்கு அந்த மணம் கூடத்துக்கு வெளியிலேயே வந்துவிடும். வீட்டுக்கு வாங்குவதானால் பொடியாக வாங்காமல் விரலியாக வாங்கி, ஊரில் அரைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

அன்று பிற்பகலில் ஊருக்குள் பார்க்க வேண்டியவற்றை முடித்துக்கொள்ளலாம். 1879-இல் பெரியார் பிறந்த ஊர் இது. அவர் நகராட்சித் தலைவராக இருந்ததும், 1925-இல் 'குடி அரசு' இதழைத் தொடங்கியதும் இங்கேதான். அவருடைய இல்லம் இன்று பெரியார் அண்ணா நினைவகமாக உள்ளது. கணிதமேதை ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று தம் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்ததும் ஈரோட்டில்தான். ஆயினும் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கருங்கல்பாளையம் நூலகத்துக்குப் போங்கள் என்பேன். 1921 ஜூலை 31 அன்று பாரதியார் இங்கிருந்த வாசகசாலையின் ஆண்டுவிழாவில் 'மனிதனுக்கு மரணமில்லை' என்ற பொருளில் பேசினார். அடுத்த நாளும் ஈரோட்டில் ஒரு கூட்டத்தில் பேசினார். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். அந்த வாசகசாலை இன்று அவர் பெயரால் அமைந்த நினைவு நூலகமாக இருக்கிறது. பெரிய கட்டடம் இல்லை. ஆனால் அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தவர்கள் அதை மறப்பதில்லை.

கருங்கல்பாளையத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் பள்ளிபாளையம். அசைவம் உண்பவர்கள் இரவு உணவை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். பள்ளிபாளையம் சிக்கனில் மசாலாப் பொடியோ தக்காளியோ சேர்ப்பதில்லை. காய்ந்த மிளகாயைக் கிள்ளி, விதையை உதறிவிட்டு, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தேங்காய்ச் சில்லும் சேர்த்து எண்ணெயில் வதக்கிச் செய்வது. கிரேவியாக ஊற்றிக் கொடுத்தால் அது வேறு ஏதோ என்று கொள்க. சைவ உணவில் அரிசிம்பருப்புச் சாதமும் கொள்ளுப் பருப்பும் கொங்கு நாட்டின் அன்றாடச் சாப்பாடு. பெரிய உணவகங்களின் பட்டியலில் இவை இருப்பது அரிது; வீட்டுச் சமையல் மெஸ்களில் விசாரித்தால் கிடைக்கும், நெய் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலை பவானிக்கு. ஈரோட்டிலிருந்து 15 கிலோமீட்டர் தூரம்தான். பேருந்துகள் அடிக்கடி உண்டு. பெரிய அக்ரஹாரம் வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறினால் காலிங்கராயன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே போகலாம். 13-ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றின் குறுக்கே அணை கட்டி, கொங்கு நாட்டுத் தலைவன் காலிங்கராயன் வெட்டிய இந்த வாய்க்கால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து கொடுமுடிப் பக்கம் வரை சென்று, 15,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு நீர் தருகிறது. பாம்பு ஒன்று ஊர்ந்து வழி காட்டியது என்று ஊரார் சொல்வார்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இணங்கி நீரைத் தானாக ஓடவைத்த நீர்மட்டக் கணக்கு அந்த வளைவுகளில் இருக்கிறது. தன் நிலத்துக்காகவே வெட்டினான் என்ற பழிச்சொல்லைக் கேட்டு, தானும் தன் வழியினரும் இந்நீரைப் பயன்படுத்துவதில்லை என்று சூளுரைத்து அவன் பொள்ளாச்சி பக்கத்து ஊத்துக்குளிக்குப் பெயர்ந்ததாக வழக்கு. ஊர்க் கழிவும் சாயக் கழிவும் கலந்து இவ்வாய்க்கால் பட்டபாட்டை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. வருகிறவர்களாவது அதில் எதையும் எறியாமல் இருக்க வேண்டும்.

பவானி கூடுதுறையில் காவிரியும் பவானியும் கண்முன் கலக்கின்றன; கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாக ஐதிகம். படித்துறையைத் தாண்டி ஆழத்துக்குப் போகக் கூடாது. சம்பந்தர் பாடிய திருநணா இத்தலமே. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ 1804-இல் வேதநாயகி அம்மனுக்கு அளித்த தந்தக் கட்டில் இன்றும் கோயிலில் இருக்கிறது. வெளியிலிருந்தே அம்மனைத் தரிசிக்க அவருக்காக மதிலில் இட்டதாகச் சொல்லப்படும் துளைகளையும் கேட்டுப் பாருங்கள். திரும்பும்போது ஜமக்காளம் வாங்குவதானால் புவிசார் குறியீடு பெற்ற கைத்தறி ஜமக்காளமா என்று உறுதிசெய்து, இயன்றால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள். விசைத்தறிப் போலி விலையில் குறைவாக இருக்கும். குழித்தறியில் கால் மிதித்து நெய்பவருக்கு அதனால்தான் பிழைப்பு குறைகிறது.

பிற்பகலில் சென்னிமலைச் சாலையில் உள்ள வெள்ளோடு பறவைகள் சரணாலயம். நவம்பர் முதல் மார்ச் வரை மட்டுமே இதைப் பரிந்துரைக்கிறேன். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் இது. மற்ற மாதங்களில் நேராகச் சென்னிமலைக்குப் போய்விடலாம். 1,320 படிகள், ஏற இயலாதவர்களுக்கு வண்டி செல்லும் மலைப்பாதை உண்டு. கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்று போற்றப்படும் இம்மலையின் அடிவார ஊரில்தான் கொடிகாத்த குமரன் 1904-இல் பிறந்தார்.

வியாழன் விடியற்காலையில் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குச் சென்றுவிட வேண்டும். வெயில் ஏறினால் கூட்டம் கலையத் தொடங்கும். புதன் இரவே மாடுகள் வந்து சேர்ந்திருக்கும். துண்டால் மூடிய கைக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் பழக்கம் கொங்கு நாட்டுச் சந்தைகளில் உண்டு. அப்படிப் பேசுவோரைக் கண்டால் தள்ளி நில்லுங்கள். மாட்டின் பின்புறமாக நடக்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் இந்தப் பயணம் கடினம். பெரிய மாரியம்மன் கோயில் திருவிழாவையும் சேர்த்துப் பார்க்க விரும்புவோர் பங்குனியிலும், புத்தகத் திருவிழாவை விரும்புவோர் ஆகஸ்ட்டிலும் வரலாம். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் கூடுதுறைக்குச் செல்லும் சாலைகளில் நெரிசல் மிகும் என்பதால், பவானியை வேறொரு நாளுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.