சாம்பல் நிற அலமாரிக்கு ஏற்ற சுவர் வண்ணம்

சமையலறையில் சாம்பல் நிற அலமாரிகளைப் பொருத்தியவர்கள் சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கும் முன், அந்தச் சாம்பலில் கலந்திருக்கும் சாயல் நீலமா, பச்சையா, பழுப்பா என்பதைக் கண்டறிய வேண்டும். அலமாரிக் கதவின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் அது தெரிந்துவிடும். நீலச் சாயல் கொண்ட சாம்பலுக்குத் தூய வெள்ளைச் சுவர் அமைந்தால் சமையலறை மருத்துவமனை அறையைப் போலத் தோன்றக்கூடும் என்பதால், வெளிர் சந்தன நிறமோ தந்த வெள்ளையோ பூசுவது நல்லது. பழுப்புச் சாயலுக்குப் பாலேட்டு நிறமும் மங்கிய பச்சையும் பொருந்தும். அலமாரி அடர்ந்த கரிச்சாம்பலாக இருந்து, சன்னலும் சிறியதாக இருந்தால், வெளிர் வண்ணத்தைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடையில் தரும் வண்ண அட்டையை மட்டும் நம்பி முடிவெடுக்காமல், ஒரு பெரிய அட்டையில் இரண்டு பூச்சு அடித்துக் காயவைத்து, அலமாரிக்கு அருகில் நிறுத்திக் காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பார்க்க வேண்டும். 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை எல்.இ.டி. விளக்கு நீலச் சாயலை மிகுத்துக் காட்டும். 3000 கெல்வின் விளக்கோ அதே சுவரை மஞ்சளாக்கும். விளக்கை மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்துவிடுங்கள். தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கும் அடுப்புப் பக்கச் சுவருக்கு, பளபளப்பில்லாத மேட் பூச்சைவிடத் துடைத்தெடுக்கக்கூடிய, மெல்லிய பளபளப்புள்ள சாட்டின் எமல்ஷனே ஏற்றது.