பூதக்கண்ணாடி வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

அப்பாவின் மேசை இழுப்பறையில் ஐந்து பூதக்கண்ணாடிகள் கிடந்தன. கைப்பிடி வைத்தது ஒன்று, விளக்கு வைத்தது ஒன்று, முழுப் பக்கத்தையும் மூடும் பிளாஸ்டிக் தகடு ஒன்று, கழுத்தில் மாட்டிக்கொள்வது ஒன்று, அப்புறம் ‘10 எக்ஸ்’ என்று பொறித்த உள்ளங்கை அகல லென்ஸ் ஒன்று. எல்லாம் பிள்ளைகள் நாங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்தவை. எதை வைத்தும் அவரால் நாளிதழில் ஒரு பத்தியை முடிக்க முடியவில்லை. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகும் மாக்குலா நோய் அவருக்கு. “கண்ணே போன பிறகு கண்ணாடி என்ன பண்ணும்?” என்று இழுப்பறையைச் சாத்திவிட்டார்.

பிறகு ஒரு குறைபார்வைப் பிரிவில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்த நிபுணர் ஒவ்வொரு லென்ஸாக அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இப்போது அப்பா காலையில் நாளிதழ் படிக்கிறார். அன்று கற்றதையும் அதன்பின் தேடித் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன், இன்னொரு வீட்டு இழுப்பறை இப்படி நிறையக் கூடாது என்பதற்காக.

கண்ணைக் காட்டாமல் கடைக்குப் போவது

எழுத்து மங்குகிறது என்றதும் லென்ஸ் தேடுகிறோம். மங்கலுக்குக் காரணம் கண்புரையாக இருந்தால் தேவை அறுவை சிகிச்சை. கண்ணாடியின் பவர் மாறியிருந்தால் புதுக் கண்ணாடி போதும். மருந்து, சிகிச்சை, சரியான கண்ணாடி எல்லாம் கொடுத்த பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18-ஐ எட்டவில்லை என்றாலோ, பார்வைப் பரப்பு மிகவும் சுருங்கியிருந்தாலோதான் அதைக் குறைபார்வை என்கிறார்கள். 6/18 என்றால், மற்றவர்கள் 18 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்குப் போனால்தான் படிக்க முடியும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே லென்ஸ்களைக் கையில் வாங்கி, உட்கார்ந்து, படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இந்தியாவில் 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறைபார்வையும் ஒரு வகையாக இருப்பதால், சான்றிதழ் பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள். போகும்போது வீட்டில் உண்மையில் படிக்க வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். அன்றைய நாளிதழ், மாத்திரை அட்டை, வங்கிப் புத்தகம், பஞ்சாங்கம், பாதியில் நிற்கும் தையல். பரிசோதனை அட்டையில் அச்சிட்ட கறுப்பு எழுத்தைப் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தைப் பிரித்ததும் திணறுபவர்கள் நிறையப் பேர்.

சர்க்கரை நோயுள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும். தாறுமாறாக இருக்கும் வாரத்தில் தேர்ந்தெடுத்த லென்ஸ் அடுத்த மாதம் பொருந்தாமல் போகலாம்.

பொறித்திருக்கும் எண்ணை நம்புவது

அந்த ‘10 எக்ஸ்’ லென்ஸுக்கு வருவோம். வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. பகல் நேரத்தில், ஜன்னலிலிருந்து நன்றாகத் தள்ளி எதிர்ச்சுவரின் அருகே நின்று, லென்ஸைச் சுவருக்கு நேராகப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஜன்னல் தலைகீழாக, குட்டியாகச் சுவரில் விழும். கம்பிகள் கூர்மையாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். 100-ஐ அந்த சென்டிமீட்டர் கணக்கால் வகுத்தால் லென்ஸின் டயாப்டர், அதாவது அதன் பவரைச் சொல்லும் எண், கிடைக்கும். டயாப்டரை 4-ஆல் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது தெரியும்.

எங்கள் லென்ஸுக்குத் தூரம் 20 சென்டிமீட்டர் வந்தது. அப்படியென்றால் 5 டயாப்டர், பெருக்கம் ஒன்றேகால் மடங்கு! சில கம்பெனிகள் இந்தக் கணக்கோடு ஒன்றைக் கூட்டி எழுதுவார்கள். அப்படிப் பார்த்தாலும் இரண்டேகால்தான். உண்மையான 10 மடங்கு லென்ஸ் 40 டயாப்டர் இருக்க வேண்டும். அது காகிதத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டரில் நிற்கும், நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தாலே அதிகம். பவர் கூடக் கூட லென்ஸ் சின்னதாகும், இது கண்ணாடியின் இயல்பு. உள்ளங்கை அகலத்தில் 10 மடங்கு என்று யாராவது விற்றால் அந்த எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள்.

பவர் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தமிழ் படிப்பவர்களை இது கூடுதலாகவே படுத்தும்.

பவர் ஏறினால் ஒரு பார்வையில் சிக்கும் எழுத்துகள் குறையும். நம்முடைய சொற்கள் நீளமானவை. ‘வந்துகொண்டிருந்தார்கள்’, ‘வந்துகொண்டிருக்கிறாயா’ இரண்டையும் எழுதிப் பாருங்கள். முதல் ஏழு எழுத்து ஒன்றேதான். யார், எப்போது, சொல்கிறார்களா கேட்கிறார்களா என்பதெல்லாம் வாலில் இருக்கிறது. நான்கு எழுத்து மட்டும் தெரியும் லென்ஸில் வால் வந்து சேர்வதற்குள் தலை மறந்துபோகும். அப்பா மிகப் பெரிய பவரில் ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாகச் சொன்னார். ஆனால் என்ன படித்தீர்கள் என்று நிபுணர் கேட்டபோது விழித்தார். அதைவிடக் குறைந்த பவரைக் கொடுத்ததும் வாக்கியமாகப் படித்தார்.

அதற்காக ரொம்பவும் இறங்கிவிடவும் முடியாது. மெய்யெழுத்தின் புள்ளி, ‘கி’க்கும் ‘கீ’க்கும் நடுவே உள்ள சின்னச் சுழி, ‘ண’வில் எத்தனை சுழி, ‘ன’வில் எத்தனை சுழி என்பவை தெரிந்தாக வேண்டும். எனவே தேவையை அளந்து எடுப்பதுதான் வழி. கண் பரிசோதனையில் படிக்கத் தரும் அட்டையில் ‘என் 8’, ‘என் 24’ (N8, N24) என்று எழுத்தளவுகள் இருக்கும், எண் கூடினால் எழுத்தும் பெரிது. நாளிதழ் எழுத்து ஏறக்குறைய என் 8. ஒருவரால் 25 சென்டிமீட்டர் தூரத்தில் என் 24 வரைதான் படிக்க முடிகிறது என்றால், நாளிதழுக்கு அவருக்குக் குறைந்தது 3 மடங்கு வேண்டும். அது 12 டயாப்டர். தட்டுத்தடுமாறாமல் படிக்க இதற்கு மேல் கொஞ்சம் கூட்டித் தருவார்கள். தொடக்கம் இந்தக் கணக்கிலிருந்து, மீதி படித்துப் பார்த்து.

குளுக்கோமாவோ, விழித்திரை ஓரத்திலிருந்து சுருங்கிவரும் நிறமி நோயோ உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. குழாய் வழியாகப் பார்ப்பது போன்ற பார்வை அது. நடுவில் தெரியும் கொஞ்ச இடத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கத்து எழுத்துகள் குழாய்க்கு வெளியே போய்விடும். இவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல வெளிச்சமும் கறுப்பு வெள்ளைத் துலக்கமும் அதிகம் உதவும்.

லென்ஸைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடிப்பது

சினிமாவில் துப்பறிவாளர் கையை நீட்டி லென்ஸ் பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து நாமும் அப்படியே பிடிக்கிறோம். அப்பாவும் அப்படித்தான் பிடித்தார், காகிதம் மடியில், லென்ஸ் நடுவானத்தில், முகம் மேலே. நிபுணர் முதலில் லென்ஸைக் காகிதத்தின் மேல் படுக்க வைத்தார். மெல்லத் தூக்கச் சொன்னார். எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்து, கலங்கத் தொடங்கும் முன் நின்றது. “இந்த இடைவெளியை விடாதீங்க ஐயா, இப்ப தலையைக் கிட்ட கொண்டு வாங்க” என்றார். அப்பாவின் கன்னம் கிட்டத்தட்ட லென்ஸைத் தொட்டது. அதுவரை மூன்று எழுத்து தெரிந்த இடத்தில் அரை வரி தெரிந்தது. லென்ஸும் காகிதமும் அதேதான், கண் மட்டும்தான் நகர்ந்திருந்தது. அப்புறம் எழுத்தை நேராகப் பார்க்காமல் சற்று மேலே பார்க்கச் சொன்னார். நடுப்பார்வை கெட்டவர்கள் ஓரப்பார்வையால் படிக்கப் பழகும் முறை அது. வீட்டில் பல வாரம் பழகித்தான் அது அப்பாவுக்குக் கைவந்தது.

அவ்வளவு கிட்டத்தில் வைத்துப் படித்தால் கண் கெட்டுவிடும் என்று அம்மா பயந்தார். கெடாது. தூரத்தைப் பாதியாக்கினால் எழுத்து இரண்டு மடங்காகத் தெரியும், அதுவே ஒரு பெருக்கம்தான். குறைபார்வை உள்ள குழந்தை புத்தகத்தை மூக்கருகே வைத்தால் தயவுசெய்து அதட்டாதீர்கள். மைனஸ் 8 போன்ற பவர் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டரை சென்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால், லென்ஸே இல்லாமல் எழுத்து கூர்மையாகத் தெரியும்.

கண்ணாடி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பதிலும் குழப்பம் வரும். ஸ்டாண்டு வைத்த லென்ஸில் பார்க்கும்போது பொதுவாக வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும். கையில் சரியான இடைவெளியில் பிடிக்கும் லென்ஸுக்குத் தூரப்பார்வைக் கண்ணாடி போதும். இதைக் கேட்காமல் விட்டால் நல்ல லென்ஸும் மங்கலாகத்தான் தெரியும்.

ஒரே லென்ஸில் எல்லா வேலையையும் எதிர்பார்ப்பது

மாத்திரையின் காலாவதித் தேதியைப் பார்ப்பது அரை நிமிட வேலை. விளக்கு வைத்த சின்னக் கை லென்ஸ் சட்டைப்பையில் இருந்தால் போதும். அட்டையில் அழுத்திப் பதித்த தேதி என்றால் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள், பழைய நாணயம் பார்ப்பவர்கள் செய்வது போல. நாளிதழுக்கு ஸ்டாண்டு லென்ஸ் நல்லது, முக்கியமாகக் கை நடுங்குபவர்களுக்கு. காகிதத்தின் மேலேயே வைத்து நகர்த்தும் அரைக்கோள லென்ஸும் உண்டு. அதன் பெருக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்குதான், ஆனாலும் சுற்றியுள்ள வெளிச்சத்தைத் தானே திரட்டிக்கொள்ளும். பாராயணத்துக்கும் குர்ஆன் ஓதவும் வைக்கும் மடக்குப் பலகை போல ஒரு சாய்வு இருந்தால் கழுத்து பிழைக்கும்.

கைவேலைக்கு இது எதுவும் உதவாது. 12 டயாப்டர் லென்ஸ் துணியிலிருந்து 8 சென்டிமீட்டரில் நிற்கும், அந்த இடுக்கில் ஊசியை இழுக்க முடியாது. தையல், எம்பிராய்டரி, சால்டரிங் எல்லாவற்றுக்கும் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், கருவி புழங்க இடமும் வேண்டும். தலையில் மாட்டும் குறைந்த பவர் லென்ஸ் 20, 25 சென்டிமீட்டர் தூரம் விடும். ஊசி கோர்க்கத்தான் சிரமம் என்றால் லென்ஸே வேண்டாம், சில ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பிக் கோர்ப்பான் போதும். கறுப்பு நூலுக்குப் பின்னால் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பஸ் நம்பரைப் பார்க்க இவற்றில் எதுவுமே பயன்படாது. அதற்குக் கைக்குள் அடங்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கி தனியாக இருக்கிறது.

வெளிச்சத்தை மறப்பது

கூரை டியூப்லைட்டின் கீழே உட்கார்ந்தால் நம் தலை நிழலே காகிதத்தில் விழும். வளைக்கக்கூடிய மேசை விளக்கை, நன்றாகத் தெரியும் கண்ணின் பக்கம், கண் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். வெள்ளை வெளிச்சம் சிலருக்குக் கூசும், மஞ்சள் சிலருக்கு மங்கும். விளக்கு வைத்த லென்ஸ் வாங்கும் முன் இரண்டையும் பார்த்துவிடுங்கள். வழவழப்பான தாள் மினுங்கினால் ஒரு கறுப்பு அட்டையில் ஒரு வரி அகலத்துக்கு நீளமாக வெட்டி, பக்கத்தின் மேல் வைத்துப் படியுங்கள். மினுமினுப்பும் குறையும், வரியும் தவறாது. செலவே இல்லாத இந்த அட்டைதான் அப்பா தினமும் எடுப்பது.

விலை உயர்ந்த கருவியில் தொடங்குவது

கேமராவும் திரையும் வைத்த மின்னணு உருப்பெருக்கிகள் அருமையானவை. கறுப்பில் வெள்ளை எழுத்தாக மாற்றிக் காட்டும், பவரை விரும்பியபடி ஏற்றி இறக்கலாம். விலை ஆயிரக்கணக்கில் போகும். வாங்கும் முன் கையிலிருக்கும் போனில் ஒரு வாரம் பழகிப் பாருங்கள். ஐபோனில் உருப்பெருக்கி கூடவே வருகிறது. எந்தப் போனிலும் படம் எடுத்துப் பெரிதாக்கலாம். திரையில் படிப்பது பிடித்திருக்கிறதா, பட்டன்களை அவரே அழுத்த முடிகிறதா என்பது அந்த வாரத்தில் தெரிந்துவிடும். பிடித்திருந்தால் பிறகு பெரிய கருவிக்குச் செலவழிக்கலாம்.

வாங்கிய பிறகு

வேட்டி நுனியாலும் சேலைத் தலைப்பாலும் துடைத்தால் பிளாஸ்டிக் லென்ஸில் கீறல் விழும். சோப்புத் தண்ணீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது கண்ணையும் லென்ஸையும் சேர்த்துக் காட்டுங்கள். கதவு நிலை வளைந்து தெரிந்தாலோ, நேற்று வரை படித்த லென்ஸில் இன்று திடீரெனப் படிக்க முடியாமல் போனாலோ புது லென்ஸ் தேடாமல் உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். மாக்குலா நோயில் ஒருவகையை ஊசி மருந்தால் கட்டுப்படுத்த முடியும், ஆனால் தாமதம் செய்யக் கூடாது.

படித்து முடித்ததும் லென்ஸை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வெயில் அதன் வழியாக ஒரு புள்ளியில் குவிந்தால் காகிதமும் திரைச்சீலையும் தீப்பிடிக்கும். அப்பாவின் லென்ஸுக்கு அம்மா பழைய ரவிக்கைத் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறார், நாளிதழை மடித்ததும் லென்ஸ் அதற்குள் போய்விடும்.